‘ரிமார்க்ஸ்’ கட்டத்தில் ஒரு வரி: மூன்று கல்லூரிகள் சேர்ந்து செய்த மாணவர் விவரக்கோப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வரும் கல்லூரிகளுக்கும் ஆட்களுக்கும் பெயர் போடவில்லை. மூன்றும் திருநெல்வேலிச் சீமையின் கலை அறிவியல் கல்லூரிகள். பாளையங்கோட்டையில் ஒன்று, அம்பாசமுத்திரம் பக்கம் ஒன்று, திருச்செந்தூர் சாலையில் ஒன்று. மாணவர் விவரங்களைக் கணினியில் ஏற்றி மூன்று கல்லூரிகளும் பகிர்ந்துகொள்வதுதான் வேலை. பாளையங்கோட்டைக் கல்லூரியில் அதற்கு நான் பொறுப்பாளன். கீழே வரும் தவறுகளில் பெரும்பங்கு என்னுடையது. அந்தக் கோப்பில் இருந்த ஒரு வரியால் பாதிக்கப்பட்ட மாணவி வாசித்துப் பார்த்து, போடலாம் என்று சொன்ன பிறகே இதை எழுதி முடித்தேன்.

பின்னணி: நனைந்து வந்த சான்றிதழ்கள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு சிக்கி நின்றது. திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்குள்ளேயே தண்ணீர். ஆறு வடிந்து கல்லூரி திறந்தபோது மாணவர்கள் பலர் பிளாஸ்டிக் பையில் சான்றிதழ்களைச் சுருட்டிக் கொண்டுவந்தார்கள். ஆய்வகத்தில் மேசை மேல் விரித்து, ஃபேனைப் போட்டுக் காயவைத்தோம். லேமினேட் செய்து பத்திரமாக வைத்தவர்கள்தான் அதிகம் இழந்தார்கள். ஓரத்தில் தண்ணீர் புகுந்தால் பிளாஸ்டிக்கைப் பிரித்துத் தாளைக் காயவைக்க முடிவதில்லை.

போன சான்றிதழ்களுக்குப் பதில் நகல் தர அரசு முகாம் நடத்தியது. ஆனால் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலுக்கு இருக்கும் நகல் வழி, ஒரு மாணவன் கல்லூரியில் செய்த புராஜெக்டுக்கோ, என்எஸ்எஸ் முகாமுக்கோ, ஆய்வகத்தில் பெற்ற பழக்கத்துக்கோ கிடையாது. அந்தத் தாள் போனால் போனதுதான். ‘எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திருவோம்’ என்ற பேச்சு அங்கேதான் தொடங்கியது.

ஏற்கெனவே இருந்தவை

கணினியில் ஒன்றுமே இல்லாமல் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் கொண்டுவந்த கல்விக் கிரெடிட் வங்கி இருக்கிறது. நம் பிள்ளைகள் அதை ‘ஏபிசி ஐடி’ என்பார்கள். 12 இலக்க எண். இப்போது ‘அபார்’ என்ற பெயரில் பள்ளியிலிருந்தே அதைத் தருகிறார்கள். பாடத்தில் தேறினால் கிடைக்கும் கிரெடிட் புள்ளிகளைப் பல்கலைக்கழகம் ஏற்ற, அவை அந்த எண்ணின் கீழ் சேரும், டிஜிலாக்கரில் பார்க்கலாம், அதிகபட்சம் 7 ஆண்டுகள் செல்லும். இது போக, மாநில அரசின் மாணவர் விவரத் தளங்கள்: பள்ளிக்கு எமிஸ், கல்லூரிக்கு யூமிஸ். உதவித்தொகையும் புதுமைப்பெண் திட்டத்து மாதம் 1000 ரூபாயும் யூமிஸ் பதிவு சரியாக இருந்தால்தான் நகரும்.

ஆக, ஒரே மாணவரின் பெயரையும் பிறந்த தேதியையும் அலுவலகத்தில் ஏற்கெனவே இரண்டு முறை தட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மூன்றாவதாக ஒன்றைக் கொண்டுபோனபோது அலுவலகத்து அண்ணாச்சி ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை நியாயமானதுதான்.

ஆனாலும் தேவை இருந்தது. கிரெடிட் வங்கி, பாஸ்புக் மாதிரி. எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று சொல்லும். எந்த உழைப்பில் சேர்ந்தது என்று அதில் இருக்காது. இளங்கலையை ஒரு கல்லூரியில் முடித்து முதுகலைக்கு இன்னொன்றுக்குப் போகும் பிள்ளையை, அங்கே உள்ள ஆசிரியர் வெறும் மதிப்பெண்ணாகவே சந்திக்கிறார். இந்த இடைவெளியை அடைப்பதற்கென்று 2024 ஜூனில் மூன்று கல்லூரிகளும் ஒப்புக்கொண்டு ஒரு பொது விவரக்கோப்பைத் தொடங்கினோம். புரோகிராமை எங்கள் கணினித் துறை முதுகலை மாணவர்களே எழுதினார்கள். படிவத்தில் என்னென்ன கட்டங்கள் வேண்டும் என்று ஒரே மதியத்தில் முடிவு செய்தோம். மதிப்பெண், வருகை, புராஜெக்ட், முகாம், விளையாட்டு. கடைசியாக ஒரு துறைத்தலைவர், “ட்யூட்டர் ரிமார்க்ஸ்னு ஒரு காலம் வச்சுக்குவோம், இருந்துட்டுப் போகட்டும்” என்றார். வகுப்புப் பொறுப்பாசிரியர் மாணவரைப் பற்றித் தன் கருத்தை எழுதும் கட்டம். வைத்தோம். அதைப் பற்றி அன்று அரை நிமிடம்கூடப் பேசவில்லை.

2024 ஆகஸ்ட் முதல் நவம்பர்: பெயர்ச் சிக்கல்

எங்களுக்கு முதலில் கண்ணில் பட்ட சிக்கல் வேறு. பெயர்.

இந்தப் பக்கத்தில் ஒரு வகுப்பில் இசக்கி, சுடலை, பேச்சி, மாடசாமி என்று தொடங்கும் பெயர்கள் எத்தனை இருக்கும் என்பது வருகைப் பதிவேடு கூப்பிட்டவர்களுக்குத் தெரியும். ஊர்க் கோயிலில் நேர்ந்து வைத்த பெயர்கள். போதாக்குறைக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல். ‘இசக்கி’ பள்ளிச் சான்றிதழில் ‘E’ எழுத்தில் தொடங்கும், ஆதாரில் ‘I’ எழுத்தில். இனிஷியல் ஒன்றில் முன்னால் நிற்கும், இன்னொன்றில் பின்னால், வேறொன்றில் அப்பா பெயராக முழுசாக விரிந்திருக்கும். மனிதக் கண்ணுக்கு எல்லாம் ஒரே ஆள். கணினிக்கு மூன்று ஆள்.

நாங்கள் செய்த தவறு நேர் எதிரானது. எழுத்துக்கூட்டல் வேறுபாட்டைக் கணினி பொறுத்துக்கொள்ளட்டும் என்று, பெயர் ஏறத்தாழ ஒத்துப்போய் இனிஷியல், பாடம், சேர்ந்த ஆண்டு ஆகியவை ஒன்றாக இருந்தால் ஒரே மாணவர் என்று எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தோம். செப்டம்பரில் ஒரு மாணவி அலுவலகத்துக்கு வந்து, “மேடம், இதுல ரெண்டு அரியர் போட்டிருக்கிய. எனக்கு அரியரே கிடையாது” என்றார். ஒரே வகுப்பில் ஒரே பெயர், ஒரே இனிஷியல் உள்ள இருவரை எங்கள் புரோகிராம் ஒருத்தியாக்கிவிட்டிருந்தது. பழைய டிசியில், அதாவது பள்ளி மாற்றுச் சான்றிதழில், அங்க அடையாளம் என்று வலது கையில் மச்சம், இடது முழங்காலில் தழும்பு என்றெல்லாம் எழுதுவார்களே, சின்ன வயதில் சிரித்திருக்கிறோம். அன்று ஃபைலைத் திறந்து பார்த்தபோது, இருவரையும் பிரித்துக் காட்டியது அந்த வரிதான்.

பிறகு 12 இலக்க எண்ணையே அடையாளமாக வைத்தோம். அதற்கும் தடை இருந்தது. டிஜிலாக்கர் கணக்குக்கு ஓடிபி, ஆதாரோடு இணைத்த செல்போனுக்குப் போகும். பல வீடுகளில் அது அப்பாவின் எண். அப்பா சவுதியில் வண்டி ஓட்டுகிறார், அல்லது மும்பையில் கடையில் நிற்கிறார். பிள்ளை இங்கே இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்க, ஓடிபி அங்கே வந்து காலாவதியாகும். வேறு வழியில்லாமல், அந்தப் பிள்ளைகளைத் தபால் நிலையத்துக்கு அனுப்பி ஆதாரில் எண்ணை மாற்ற வைத்தோம். நவம்பருக்குள் பெயர்ச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. வேலை முடிந்தது என்று நினைத்தோம்.

அதே மாதங்களில் எழுதப்பட்ட வரி

பெயருக்குப் பின்னால் நாங்கள் ஓடிக்கொண்டிருந்தபோது ரிமார்க்ஸ் கட்டங்கள் நிரம்பிக்கொண்டிருந்தன. காலியாக விட்டால் புரோகிராம் ‘சேமி’ பொத்தானை அமுக்க விடாது. அப்படி வைத்தது நாங்கள்தான். கட்டங்களெல்லாம் நிரம்பியிருந்தால்தான் முழுமையான கோப்பு என்ற எண்ணம்.

வேதியியல் மூன்றாம் ஆண்டுக்கு அப்போது ட்யூட்டர் ஒரு கௌரவ விரிவுரையாளர். 2024 ஜூனில்தான் சேர்ந்தவர். வகுப்பு முழுவதற்கும் இரண்டு நாளில் ரிமார்க்ஸ் போடச் சொன்னார்கள். அவர் கையில் இருந்தது முந்தைய பருவத்து வருகைப் பதிவேடு மட்டும். ஒரு மாணவியின் நான்காம் பருவ வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போய், வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்வதற்கான கண்டொனேஷன் கட்டணம் கட்டித் தேர்வு எழுதியிருந்தார். அதைப் பார்த்து, ‘அடிக்கடி விடுப்பு. படிப்பில் ஆர்வம் குறைவு’ என்று எழுதினார். முதல் பாதி பதிவேட்டில் இருந்தது. இரண்டாவது பாதி அவர் ஊகம். ஒரே கட்டத்தில், ஒரே எழுத்தில் இரண்டும் சேர்ந்து உட்கார்ந்தன.

அவரைக் குறைசொல்லி எழுதுவது எளிது, நான் அதைச் செய்யப்போவதில்லை. அந்த வரிக்கு அடியில் எழுதியவர் பெயரோ தேதியோ வரும்படி நாங்கள் அமைக்கவில்லை. மாணவிக்கும் அது தெரியாது. மாணவர் உள்ளே நுழைந்தால் மதிப்பெண்ணும் முகாமும் தெரியும், ரிமார்க்ஸ் தெரியாது. ‘பிள்ளைகள் பார்த்தால் ஆசிரியர்கள் மனம்விட்டு எழுதமாட்டார்கள்’ என்று காரணம் சொல்லி அதை மறைத்தது நான்.

டிசியில் ‘நடத்தை: நன்று’ என்று எல்லோருக்கும் ஒரே சொல்லை எழுதும் பழக்கத்தைப் பொருளில்லாத சடங்கு என்று பல முறை கேலி செய்திருக்கிறேன். வகுப்பில் நாற்காலியை உடைத்தவனுக்கும் ‘நன்று’. இப்போது அதை வேறு விதமாகப் பார்க்கிறேன். வாசலைத் தாண்டிப் போகும் பிள்ளையின் முதுகில் எதையும் எழுதி அனுப்பக்கூடாது என்பதை அந்தக் காலத்துத் தலைமையாசிரியர்கள் பேசாமலே முடிவு செய்து வைத்திருந்தார்கள் என்று தோன்றுகிறது.

2025 ஜூலை, ஆகஸ்ட்: இன்னொரு கல்லூரியில்

அந்த மாணவி 2025-இல் பட்டம் முடித்து, எங்கள் கூட்டில் இருந்த திருச்செந்தூர் சாலைக் கல்லூரியில் முதுகலை சேர்ந்தார். வீட்டுக்கு அதுதான் பக்கம். கோப்பு அவருக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்காகத்தானே செய்தோம்.

ஆகஸ்டில் அங்குள்ள துறை, ஒரு மாணவர் ஆய்வுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்க ஒரு சிறு குழுவைத் தேர்ந்தெடுத்தது. இந்த மாணவியும் பெயர் கொடுத்தார். மதிப்பெண் போதுமானது. துறைத்தலைவர் திரையில் கோப்பைத் திறந்தார், அந்த வரியைப் படித்தார், அடுத்த பெயருக்குப் போனார். ஆய்வுக்குத் தினமும் ஆய்வகத்துக்கு வரும் ஆள் வேண்டும். ஒழுங்காக வராத பிள்ளையை எப்படிச் சேர்ப்பது என்று அவர் யோசித்ததில் எனக்குத் தப்புத் தெரியவில்லை.

அந்த மாணவி போய்க் கேட்டார். பெரும்பாலான பிள்ளைகள் கேட்கமாட்டார்கள். அந்தத் துறைத்தலைவர் செய்த நல்ல காரியம், மழுப்பாமல் திரையை அவர் பக்கம் திருப்பியது. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாராம். பிறகு சொன்னதைத் துறைத்தலைவர் அன்று மாலையே எனக்குப் போனில் அப்படியே சொன்னார்: “வெள்ளத்துல வீடு போயிட்டு சார். முதல்ல மண்டபத்துல கிடந்தோம், அப்புறம் சித்தி வீட்டுல. அந்த மூணு மாசமும் பஸ்ஸு எப்ப வரும்னே தெரியாது. எங்கிட்ட யாருமே கேக்கலியே.”

ஏரல் பக்கத்துக் கிராமம். அப்பாவுக்கு வாழை. தோட்டமும் வீடும் ஒன்றாகப் போயிருக்கின்றன. நான்காம் பருவம் என்பது 2024 ஜனவரி முதல் ஏப்ரல் வரை. வெள்ளத்தில் தாள்கள் போனதால் தொடங்கிய கோப்பில், வெள்ளத்தால் வராமல் போன நாட்கள் ‘ஆர்வம் குறைவு’ என்று பதிவாகியிருந்தன. ஆய்வகத்தில் நாங்கள் ஃபேன் போட்டுக் காயவைத்த சான்றிதழ்களில் அவருடையதும் இருந்தது என்பது, பழைய பட்டியலைப் புரட்டியபோது தெரிந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மறுநாளே அந்த வரியை எடுத்தோம். ஆனால் ஒரு வரியை எடுத்தால் தீரும் விஷயம் இல்லை. செப்டம்பரில் மூன்று கல்லூரிக்காரர்களும் ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்தோம்.

ரிமார்க்ஸ் கட்டத்தை அடியோடு நீக்கலாமா என்பதில்தான் சண்டை. அம்பாசமுத்திரம் பக்கத்து நண்பர் கடுமையாக எதிர்த்தார். ஆசிரியர் கண்ணால் பார்த்ததை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மதிப்பெண் பட்டியல்தானே, அதற்கு ஏற்கெனவே மூன்று போர்ட்டல் இருக்கிறதே என்றார். அவர் கேள்வி சரியானது. அதற்குப் பதிலாக நாங்கள் கண்டது இது: ஆசிரியர் எழுதலாம், ஆனால் மாணவர் செய்த ஒரு காரியத்தைப் பற்றி மட்டும். ‘தாமிரபரணித் தண்ணீரில் கடினத்தன்மை அளந்தார், டைட்ரேஷன் துணையில்லாமல் செய்கிறார்’ என்று எழுதலாம். ‘பொறுமைசாலி’, ‘சோம்பல்’ என்று குணத்தை எழுதக்கூடாது. எழுதியவர் பெயரும் தேதியும் கட்டாயம். மாணவர் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் அது கல்லூரியை விட்டு வெளியே போகாது. ஒப்புக்கொள்ளாவிட்டால் தன் பதிலைக் கீழே சேர்க்கலாம். காலியாக விட்டாலும் கோப்பு சேமிக்கப்படும்.

வருகைச் சதவீதம் இனி அடுத்த கல்லூரிக்குப் போகாது. குறைந்த வருகைக்கு விதி இருக்கிறது, கட்டணம் இருக்கிறது. இரண்டும் அந்தப் பருவத்தோடு முடிந்தவை. கட்டி முடித்த கடனை அடுத்த ஊர் வரைக்கும் சொல்லிக்கொண்டு போவானேன்?

கோப்பையும் இரண்டாகப் பிரித்தோம். கல்லூரி உறுதி சொல்லும் பகுதி ஒன்று, மாணவரே எழுதி வைத்துக்கொள்ளும் பகுதி ஒன்று. இது எங்கள் மூளையில் உதித்தது இல்லை. பிரிட்டனில் 1997-இல் உயர்கல்வி பற்றி ஆராய்ந்த டியரிங் குழு, மாணவர்களுக்கு இப்படி இரட்டைப் பகுதி கொண்ட முன்னேற்றக் கோப்பு வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. முதலிலேயே படித்திருக்க வேண்டும். படிவக் கட்டங்களை ஒரே மதியத்தில் முடிவு செய்த அவசரத்தில் யாரும் எதையும் படிக்கவில்லை.

ஒப்புதல் விஷயத்திலும் ஓட்டை இருந்தது. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் குழந்தை. பெற்றோர் சம்மதம் வேண்டும். முதலாண்டில் சேருபவர்களில் 17 வயதுப் பிள்ளைகள் நிறைய. நாங்கள் அட்மிஷன் படிவத்தின் கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு வரி போட்டு, எல்லோரிடமும் ஒரே கையெழுத்து வாங்கியிருந்தோம். இப்போது தமிழில் தனித்தாள். பெற்றோர் வரும் நாளில் ஒருவர் வாசித்துக் காட்டுகிறார். ஒவ்வொரு முறை கோப்பு வேறு கல்லூரிக்குப் போகும்போதும் மாணவரிடம் திரும்பக் கேட்கிறோம்.

அதன் பிறகு நடந்தது

துறைத்தலைவர் குழுவில் ஓர் இடம் சேர்த்து அந்த மாணவியை எடுத்துக்கொண்டார். ஊகம் எழுதிய விரிவுரையாளரிடம் நான் நேரில் பேசினேன். “நான் அவங்ககிட்டப் பேசுதேன் சார்” என்று அவராகவே மாணவியை அழைத்து வருத்தம் சொன்னார்.

ஏற்கெனவே எழுதிய ரிமார்க்ஸ் எல்லாவற்றையும் அச்சடித்து நாலைந்து பேர் உட்கார்ந்து படித்தோம். மிகப் பெரும்பாலானவை ‘நல்ல மாணவர்’, ‘அமைதியானவர்’ என்ற அளவில் யாருக்கும் உதவாதவை. கெடுதல் செய்யக்கூடியவை கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்தில், வீட்டில் பீடி சுற்றிக்கொண்டே படிக்கும் ஒரு பிள்ளையைப் பற்றி ‘வகுப்பில் தூங்குவார்’ என்று இருந்தது. அதை எழுதிய ஆசிரியருக்கு விஷயம் தெரியும். அவர் பரிவோடுதான் எழுதியிருந்தார். படிப்பவருக்கு அந்தப் பரிவு தெரிய வழியில்லை.

புதிய முறையில் பதிவுகள் குறைந்துவிட்டன. ஒரு காரியத்தைக் குறிப்பிட்டுப் பெயர் போட்டு எழுதுவதற்கு நேரம் பிடிக்கிறது, பல ஆசிரியர்கள் எழுதுவதே இல்லை. அம்பாசமுத்திரம் பக்கத்துக் கல்லூரி டிசம்பரில் கூட்டிலிருந்து விலகியது. இவ்வளவு உழைப்புக்கு இதில் ஒன்றும் இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை. மாணவர்கள் தாங்களே எழுதும் பகுதி மட்டும் நினைத்ததைவிட நன்றாக ஓடுகிறது. சிலர் கோயில் கொடையில் கணக்கு எழுதியதையும், அரசின் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சி வகுப்பில் கற்றதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். எந்தப் படிவமும் இதைக் கேட்டிருக்காது. அந்த மாணவி தன் பகுதியில் இதுவரை எதுவும் எழுதவில்லை. எழுதச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

மறுபடி செய்வதானால்

பெயர்ப் பொருத்தத்தை முதல் நாளிலேயே 12 இலக்க எண்ணில் தொடங்குவேன். ஆங்கிலப் பெயருக்குப் பக்கத்தில் தமிழ்ப் பெயருக்கும் ஒரு கட்டம் வைப்பேன். எழுத்துக்கூட்டல் தகராறில் பாதி அதிலேயே தீரும். படிவம் முடிவு செய்யும் மதியத்தில் இரண்டு மாணவர்களையும் அலுவலகத்து அண்ணாச்சியையும் கூட உட்கார வைப்பேன். நாங்கள் அரை நிமிடத்தில் தாண்டிப்போன கட்டத்தை அவர்கள் தாண்டியிருக்கமாட்டார்கள்.

ஒன்று இன்னும் முடியவில்லை. ரிமார்க்ஸை நேரடிக் கோப்பிலிருந்து நீக்கியாயிற்று. ஆனால் 2024 நவம்பர் முதல் 2025 ஆகஸ்ட் வரை மாதாமாதம் எடுத்து வைத்த பேக்கப்களில் அவை அப்படியே இருக்கின்றன. எங்கள் பக்கத்து ஹார்டு டிஸ்க் அலுவலகப் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. அழிக்க முதல்வரிடம் எழுத்தில் அனுமதி கேட்டிருக்கிறோம். விலகிப்போன கல்லூரியிலும் ஒரு நகல் இருக்கிறது, அதற்கும் தனியாகக் கடிதம் போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.